ஆந்திரொமேடாவின் குறுக்கு வேகம்

2012 மே 31 அன்று நாசா ஓர் அறிவிப்பை வெளியிட்டது. நம் பால்வழியும் அதன் பெரிய அண்டை மண்டலமான ஆந்திரொமேடாவும் ஏறத்தாழ 400 கோடி ஆண்டுகளில் நேருக்கு நேர் மோதும் என்றும், பிறகு இரண்டும் கலந்து ஒரே மண்டலமாகும் என்றும் அது சொன்னது. மோதலின்போது வானம் எப்படித் தோன்றும் என்று வரையப்பட்ட படங்கள் உலகெங்கும் பத்திரிகைகளில் வந்தன. 13 ஆண்டுகள் கழித்து, 2025 ஜூனில், ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தின் டில் சவாலா தலைமையிலான குழு 'நேச்சர் அஸ்ட்ரானமி' ஆய்விதழில் வேறொரு முடிவை வெளியிட்டது. அடுத்த 1,000 கோடி ஆண்டுகளுக்குள் இரண்டும் இணையும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. இன்னும் 400 முதல் 500 கோடி ஆண்டுகளில் மோதும் வாய்ப்போ சுமார் 2 சதவீதம்தான்.

இடைப்பட்ட காலத்தில் ஆந்திரொமேடா தன் பாதையை மாற்றிக்கொள்ளவில்லை. ஈர்ப்பு விதியும் மாறவில்லை. அந்த மண்டலம் எவ்வளவு வேகமாகப் பக்கவாட்டில் நகர்கிறது என்ற ஒற்றை எண்ணில் உள்ள ஐயமும், அந்த எண்ணை அளக்கும் நாம் எவ்வளவு நகர்கிறோம் என்ற கேள்வியும்தான் கணக்கை மாற்றின. அண்டை மண்டலங்களின் இயக்கத்தை அளந்த நூறாண்டு வரலாற்றைப் படித்தால், பெரிய பிழைகளும் பெரிய கண்டுபிடிப்புகளும் இந்த இரண்டாவது கேள்வியைச் சுற்றியே நிகழ்ந்திருப்பது தெரியும்.

ஒரு விண்மீன் மண்டலத்தின் வேகத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று நம் பார்வைக் கோட்டின் வழியே வருவதோ போவதோ. மற்றொன்று அந்தக் கோட்டுக்குக் குறுக்கே, வானத்தில் பக்கவாட்டாக நகர்வது. முதலாவதை அளக்க ஒளியே போதும். நெருங்கி வரும் பொருளின் நிறமாலைக் கோடுகள் நீலத்தின் பக்கமும், விலகிப் போகும் பொருளின் கோடுகள் சிவப்பின் பக்கமும் சற்றே இடம்பெயரும். எவ்வளவு பெயர்ந்தன என்று பார்த்தால் வேகம் கிடைத்துவிடும். இதற்குத் தொலைவு தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவும் தேவையில்லை.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஃபிளாக்ஸ்டாஃப் ஊரிலுள்ள லோவல் வானாய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைஃபர் இதைத்தான் செய்தார். 1912 செப்டம்பரில் 24 அங்குலத் தொலைநோக்கியில் நிறமாலைப் பதிவுக் கருவியைப் பொருத்தி ஆந்திரொமேடாவின் மங்கிய ஒளியை மணிக்கணக்கில் ஒரு கண்ணாடித் தகட்டில் விழவைத்தார். அந்த ஆண்டின் கடைசி இரவுகள் வரை மேலும் தகடுகளை எடுத்து, அளந்து, சரிபார்த்தார். வந்த விடை அவரையே தயங்கவைக்கும் அளவுக்குப் பெரிது. ஆந்திரொமேடா விநாடிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது. அதுவரை வானில் அளக்கப்பட்ட விண்மீன்களின் சராசரி வேகத்தை விட இது பன்மடங்கு அதிகம். 1914இல் அமெரிக்க வானியல் கழகக் கூட்டத்தில் 15 சுருள் நெபுலாக்களின் வேகங்களை அவர் வாசித்தபோது அவையோர் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவை தனி மண்டலங்கள் என்பதே அப்போது யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

ஸ்லைஃபரின் 300 இன்றும் நிற்கிறது. நவீன அளவு 301. ஆனால் அதில் பெரும்பங்கு ஆந்திரொமேடாவுடையதே அல்ல. சூரியன் பால்வழியின் மையத்தை விநாடிக்குச் சுமார் 250 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றிவருகிறது. இப்போது அது போகும் திசை, வானில் ஆந்திரொமேடா இருக்கும் பக்கத்தோடு பெரிதும் ஒத்துப்போகிறது. அந்தப் பங்கு மட்டும் சுமார் 190 கிலோமீட்டர். அதைக் கழித்தால் பால்வழியும் ஆந்திரொமேடாவும் ஒன்றையொன்று நெருங்கும் உண்மையான வேகம் விநாடிக்கு 110 கிலோமீட்டர் அளவில் நிற்கிறது. நாம் அளந்ததில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு நம்முடைய சொந்த ஓட்டம்.

இந்த ஒரு வேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஃபிரான்ஸ் கான், லோடவெய்க் வோல்ட்யர் என்ற இருவர் 1959இல் ஓர் அழகான கணக்கைப் போட்டார்கள். பேரண்டம் தொடங்கியபோது இந்த இரண்டு மண்டலங்களின் பொருளும் அருகருகே இருந்து, விரிவோடு சேர்ந்து விலகிப் போயிருக்கும். இன்று அவை நெருங்குகின்றன. அப்படியென்றால் இடையில் எங்கோ ஈர்ப்பு அவற்றைத் தடுத்து நிறுத்தித் திருப்பியிருக்க வேண்டும். பேரண்டத்தின் வயதுக்குள் இந்தத் திருப்பம் முடிய எவ்வளவு நிறை வேண்டும் என்று கணக்கிட்டார்கள். அந்த மண்டலங்களில் கண்ணுக்குத் தெரிந்த விண்மீன்களின் நிறையைப் போல் பல மடங்கு வந்தது. கண்ணுக்குத் தெரியாத பொருளுக்குச் சான்றாகக் கருதப்படும் ஆந்திரொமேடாவின் சுழற்சியை வீரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் அளந்து வெளியிட்டது 1970இல். அதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பே, ஒரே ஒரு வேகத்திலிருந்து, அந்தப் பொருளின் பெரும் இருப்பு தாளில் எழுதப்பட்டுவிட்டது. கானும் வோல்ட்யரும் எழுதிய கட்டுரை பெறவேண்டிய கவனத்தைப் பெறவில்லை என்றே சொல்ல வேண்டும்.

அந்தக் கணக்கில் ஓர் அனுமானம் இருந்தது: இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் வந்து போகின்றன, குறுக்கு வேகம் பூஜ்யம். வேறு வழியில்லாமல் செய்த அனுமானம் அது. குறுக்கு வேகம் இருந்தால் தேவைப்படும் நிறை கூடும், மோதல் தவறிப்போகலாம். அதை அளக்கும் வழி 1959இல் எவரிடமும் இல்லை.

ஏன் இவ்வளவு கடினம்? ஆந்திரொமேடா சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அது விநாடிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே போனாலும் வானில் முழுநிலவின் அகலத்தைக் கடக்க 6 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கோணத்தில் சொன்னால், ஒரு பாகையை 3,600 ஆகப் பிரித்தால் வருவது ஒரு விகலை. அந்த விகலையைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வருவது ஒரு மைக்ரோவிகலை. ஆந்திரொமேடாவின் அந்த நகர்வு ஆண்டுக்கு 27 மைக்ரோவிகலை. நிலவின் தரையில் கிடக்கும் ஒரு கல் ஓர் ஆண்டில் ஐந்து சென்டிமீட்டர் உருண்டால் பூமியிலிருந்து எவ்வளவு கோணம் தெரியுமோ, அவ்வளவு.

இந்தக் கடினம் புரியாத காலத்தில் ஒருவர் அதை அளந்துவிட்டதாகவே நம்பினார். கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் பணியாற்றிய டச்சுக்காரர் ஏட்ரியன் வான் மானன் கவனமான அளவையாளர் என்று பெயர் பெற்றவர். சில ஆண்டு இடைவெளியில் எடுத்த தகடுகளை ஒப்பிட்டு, எம்101 என்ற சுருள் நெபுலா ஆண்டுக்கு விகலையில் சுமார் 50இல் ஒரு பங்கு சுழல்கிறது, ஒரு சுற்றுக்கு 85,000 ஆண்டுகள் ஆகின்றன என்று 1916இல் அறிவித்தார். அடுத்த ஆண்டுகளில் முக்கோண மண்டலமான எம்33 உட்பட வேறு பல சுருள்களிலும் இதே மாதிரியான சுழற்சியைக் கண்டார். இவ்வளவு நகர்வு தெரிய வேண்டுமானால் அந்தச் சுருள்கள் அருகில்தான் இருக்க வேண்டும். 1920 ஏப்ரலில் வாஷிங்டனில் ஹார்லோ ஷேப்ளியும் ஹீபர் கர்ட்டிஸும் பேரண்டத்தின் அளவு பற்றி வாதிட்டபோது, சுருள்கள் தனி மண்டலங்கள் அல்ல என்ற ஷேப்ளியின் தரப்புக்கு வான் மானனின் அளவுகள் பெரும் பலம். அந்த நகர்வுகள் உண்மையென்று உறுதியானால் தன் தரப்பைக் கைவிட வேண்டியிருக்கும் என்று கர்ட்டிஸே ஒப்புக்கொண்டார்.

எட்வின் ஹபிள் 1923இல் ஆந்திரொமேடாவில், தொலைவை அளக்க உதவும் செஃபீடு வகை விண்மீன் ஒன்றைக் கண்டு அதன் தொலைவை நிறுவியதும் வான் மானனின் எண்கள் நிற்க இடமின்றிப் போயின. எம்101இன் இன்றைய தொலைவான 2.1 கோடி ஒளியாண்டை வைத்து அந்த நகர்வை வேகமாக மாற்றினால் ஒளியின் வேகத்தைப் போல் இரு மடங்கு வருகிறது. அவை பொய்யாக எழுதப்பட்ட எண்கள் என்று எவரும் நிறுவவில்லை. கருவியின் நுண்மைக்கு அப்பாற்பட்ட ஒன்றை, எதிர்பார்ப்போடு தேடிய கண் கண்டது என்று கொள்வதே நியாயம். 1935இல் ஹபிளும் வான் மானனும் ஒரே இதழில் அடுத்தடுத்துக் குறிப்புகளை எழுதினார்கள். வான் மானன் தன் முடிவுகளை எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும் என்ற அளவுக்கு இறங்கிவந்தார்.

அந்த எம்33இன் சுழற்சியை வானில் உண்மையாகவே காண எழுபது ஆண்டுகள் பிடித்தன. அங்கே புதிய விண்மீன்கள் பிறக்கும் இடங்களில் நீராவி மூலக்கூறுகள் இயற்கையான மேசர்களாக, ரேடியோ அலைநீளத்தில் ஊசிமுனை போன்ற ஒளிர்வோடு ஒளிர்கின்றன. ஹவாய் முதல் கரீபியக் கடலின் வர்ஜின் தீவுகள் வரை 8,000 கிலோமீட்டர் நீளத்தில் பரவியிருக்கும் பத்து ரேடியோ தட்டுகளை ஒன்றிணைத்து, ஆண்ட்ரியாஸ் ப்ருன்தாலர் குழு 2001 தொடங்கி மூன்று ஆண்டுகள் அந்த மேசர்களைப் பின்தொடர்ந்தது. மண்டலத்தின் இரு பக்கங்களிலுள்ள மேசர்கள் ஒன்றுக்கொன்று ஆண்டுக்குச் சுமார் 30 மைக்ரோவிகலை நகர்வது தெரிந்தது. வான் மானன் கண்டதாகச் சொன்னதில் இது சில நூறில் ஒரு பங்கு. 2005இல் 'சயின்ஸ்' இதழில் வந்த இந்த அளவு இன்னொரு பரிசையும் தந்தது. எம்33 எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பது நிறமாலைக் கோடுகளின் இடப்பெயர்ச்சியிலிருந்து முன்பே தெரியும். அந்த வேகம் வானில் எவ்வளவு கோணமாகத் தெரிகிறது என்பது இப்போது தெரிந்துவிட்டது. இரண்டையும் வைத்தால் எந்த விண்மீனின் ஒளிர்வையும் நம்பாமல் தொலைவு கிடைக்கும். கிடைத்தது 24 லட்சம் ஒளியாண்டு. பிழை வரம்பு பெரியது என்றாலும் முறை தூய்மையானது.

மேசர்களின் நகர்வை எதற்கு எதிரே அளந்தார்கள் என்பதே இங்கு முக்கியம். எம்33க்கு மிக அருகில் வானில் தெரியும் ஒரு தொலைதூரக் குவாசாருக்கு எதிரே அளந்தார்கள். பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள ஒரு பொருள் எவ்வளவு வேகமாக ஓடினாலும் நம் கண்ணுக்கு அசையாது. நகர்வை அளக்கும் கலையில் பாதி, அசையாத ஒன்றைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது.

ஆந்திரொமேடாவில் அப்போது அத்தகைய மேசர்கள் கைவசம் இல்லை. அங்கே ஹபிள் விண்வெளித் தொலைநோக்கிதான் வழியானது. அந்த மண்டலத்தின் விண்மீன்களின் வயதைக் கண்டறிவதற்காக 2002 முதல் ஹபிள் மூன்று இடங்களை மிக ஆழமாகப் படம் பிடித்திருந்தது. ஓர் இடம் ஆந்திரொமேடாவின் வெளிவட்டத்தில், ஒன்று தட்டில், ஒன்று அது விழுங்கிவரும் சிறு மண்டலமொன்றின் விண்மீன் ஓடையில். பால்டிமோரில் பணியாற்றிய சங்மோ டோனி சோன், ஜே ஆண்டர்சன், ரோலண்ட் வான் டெர் மாரெல் ஆகியோர் 2010இல் அதே இடங்களை மீண்டும் படம் பிடித்தார்கள். ஒவ்வொரு படத்திலும் ஆயிரக்கணக்கான ஆந்திரொமேடா விண்மீன்கள். அவற்றின் இடைவெளிகளில், வெகு தொலைவுக்குப் பின்னே, நூற்றுக்கணக்கான சிறு மண்டலங்கள். பின்னணி மண்டலங்களை அசையாப் புள்ளிகளாகக் கொண்டு விண்மீன்கள் எவ்வளவு நகர்ந்தன என்று பார்க்க வேண்டும். தேடிய நகர்வு ஒரு பிக்சலின் அகலத்தில் ஆயிரத்தில் சில பங்குகள்தான்.

இந்த வேலையின் நுட்பம் பொதுவாகச் செய்திகளில் வருவதில்லை. பின்னணி மண்டலங்கள் விண்மீன்களைப் போல் புள்ளிகள் அல்ல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். எனவே ஒவ்வொரு மண்டலத்துக்கும் அதற்கே உரிய ஓர் அச்சு மாதிரியைச் செய்து, அதைக் கொண்டு அதன் இடத்தைக் கணித்தார்கள். விண்வெளியின் கதிர்வீச்சு பல ஆண்டுகளாகத் தாக்கியதில் கேமராவின் சிலிக்கான் தகடு பழுதுபட்டிருந்தது. படத்தை வாசிக்கும்போது எலக்ட்ரான்கள் வழியில் சிக்கித் தாமதமாக வந்து, ஒவ்வொரு விண்மீனுக்கும் சிறு வால் முளைத்தது. அந்த வால் விண்மீனின் இடத்தையே சற்று நகர்த்திக் காட்டும். அதைத் திருத்தும் கணக்கையும் ஆண்டர்சனே உருவாக்கியிருந்தார். எல்லாம் முடிந்தபின் படங்களில் எஞ்சிய நகர்வில் பெரும் பங்கு சூரியனுடையதாகவே இருந்தது. அதையும், ஆந்திரொமேடாவுக்குள் அந்த விண்மீன்கள் சுற்றும் வேகத்தையும் கழித்த பிறகு நின்ற குறுக்கு வேகம் விநாடிக்கு வெறும் 17 கிலோமீட்டர். பிழை வரம்புக்குள் பூஜ்யமாகவே இருக்கலாம். 110 கிலோமீட்டர் வேகத்தில் நேரே வரும் ஒரு மண்டலத்துக்கு இது அநேகமாக ஒன்றுமில்லை. 2012இன் மோதல் அறிவிப்பு இந்த எண்ணிலிருந்து பிறந்தது.

அடுத்த ஆண்டே, 2013 டிசம்பர் 19 அன்று, ஐரோப்பிய விண்வெளி முகமையின் கையா விண்கலம் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவப்பட்டது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, வானில் 106.5 பாகை இடைவெளியுள்ள இரு திசைகளை அது ஒரே நேரத்தில் பார்த்தது. தொலைவான இரு பகுதிகளின் விண்மீன்களை ஒரே தகட்டில் ஒப்பிடுவதால் முழு வானத்துக்கும் ஒரே வலையை அதனால் பின்ன முடிந்தது. அந்த வலையை நிலையாகப் பிடித்துவைக்க லட்சக்கணக்கான குவாசார்கள் முளைகளாயின. மூன்றாம் தரவு வெளியீட்டில் அவற்றின் எண்ணிக்கை 16 லட்சம். அளக்கப்பட்ட விண்மீன்களோ 180 கோடி.

கையாவின் கண்ணுக்கு ஆந்திரொமேடாவில் மிகப் பிரகாசமான சில விண்மீன்கள் மட்டுமே தெரியும். 2018இன் இரண்டாம் வெளியீட்டிலிருந்து வான் டெர் மாரெல் குழு ஆந்திரொமேடாவில் 1,084 விண்மீன்களையும் எம்33இல் 1,518 விண்மீன்களையும் தேர்ந்தெடுத்தது. ஹபிளின் அளவோடு சேர்த்தபோது குறுக்கு வேகம் 57 கிலோமீட்டருக்கு ஏறியது. நேர் மோதல் என்பது முதலில் ஒதுங்கிச் செல்லும் சந்திப்பாக மாறியது. அதன் காலமும் 450 கோடி ஆண்டுகளுக்குத் தள்ளிப்போனது. எம்33 ஆந்திரொமேடாவை முன்பு நெருங்கிச் சென்றதால்தான் அதன் விளிம்புகள் வளைந்திருக்கின்றன என்று பலர் கருதிவந்தார்கள். புதிய நகர்வுகளோ, எம்33 முதன்முறையாகத்தான் ஆந்திரொமேடாவை நோக்கி விழுகிறது என்ற பக்கம் சாய்ந்தன. 2021இல் வேறொரு குழு நீல விண்மீன்களை மட்டும் எடுத்துக்கொண்டு 82 கிலோமீட்டர் என்றது, கூடவோ குறையவோ 31. பதினேழிலிருந்து எண்பத்திரண்டு வரை ஒரு தாவல். பிழை வரம்புகளோடு பார்த்தால் இவை ஒன்றையொன்று முற்றாக மறுப்பவை அல்ல. ஆனால் எதிர்காலத்தைப் பற்றி வெவ்வேறு கதைகளைச் சொல்பவை.

ஆந்திரொமேடாவை விட்டு நம் பக்கம் திரும்பினால் விஷயம் இன்னும் சுவாரசியமாகிறது. பெரிய மெகல்லன் மேகம் பால்வழியின் மிகப் பெரிய துணை மண்டலம், 1.6 லட்சம் ஒளியாண்டு தொலைவு. தெற்கு வானத்தின் பொருள் என்றாலும், தை மாத இரவுகளில் கன்னியாகுமரியிலும் இலங்கையின் தென்கரையிலும் தெற்குக் கடலுக்கு மேல் சுமார் 12 முதல் 14 பாகை வரை அது எழும். இருண்ட, தெளிந்த வானம் வாய்த்தால் பார்க்கலாம். அதன் நகர்வு ஆண்டுக்கு விகலையில் 500இல் ஒரு பங்கு. ஆந்திரொமேடாவோடு ஒப்பிட்டால் எளிய இலக்கு.

எளிதாக இருந்தும், அதற்கு அசையாப் புள்ளிகள் கிடைக்கவில்லை. அந்த மேகத்தில் விண்மீன்கள் மொய்த்திருப்பதால் பின்னால் இருக்கும் குவாசார்களைப் பிரித்தறிவது கடினம். 1990களில் மாச்சோ என்ற ஆய்வுத் திட்டம் கரும்பொருளைத் தேடி இந்த மேகத்தின் லட்சக்கணக்கான விண்மீன்களை ஆண்டுக்கணக்கில் கண்காணித்தது. அந்தப் பதிவுகளில் ஒழுங்கின்றி மினுங்கிய சில புள்ளிகள் குவாசார்கள் என்று பின்னர் தெரிந்தது. அவற்றை முளைகளாகக் கொண்டு நித்யா கள்ளிவயலில் உள்ளிட்டோர் ஹபிளைக் கொண்டு மேகத்தின் நகர்வை அளந்து 2006இல் வெளியிட்டார்கள். பால்வழியின் மையத்தைச் சார்ந்து வேகம் விநாடிக்கு 378 கிலோமீட்டர். எதிர்பார்த்ததை விட வெகுவாக அதிகம். குர்ட்டினா பெஸ்லா 2007இல் இந்த வேகத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தபோது, பலமுறை பால்வழியைச் சுற்றிவந்ததாகக் கருதப்பட்ட மேகம் இப்போதுதான் முதன்முறையாக நம்மைக் கடந்து போகிறது என்ற முடிவு வந்தது. மேகத்துக்குப் பின்னே வானில் நீளும் மெகல்லன் வாயு ஓடையைப் பற்றி எழுதப்பட்ட பழைய விளக்கங்கள் பலவற்றை மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

2013இல் மூன்றாவது முறையாக அளந்தபோது வேகம் 321 ஆகக் குறைந்தது. இந்தக் குறைவில் ஒரு பங்கு நீண்ட காலத் தரவு தந்த துல்லியம். மறு பங்கு சூரியனின் வேகம். சர்வதேச வானியல் ஒன்றியம் 1985இல் பரிந்துரைத்த கணக்கின்படி பால்வழியின் சுழற்சி நம் இடத்தில் விநாடிக்கு 220 கிலோமீட்டர். ஆனால் பால்வழியின் மையத்திலுள்ள கருந்துளை ஆண்டுக்குச் சுமார் 6,400 மைக்ரோவிகலை பின்னோக்கி நகர்வதாக ரேடியோ தட்டுகள் காட்டின. கருந்துளை மையத்தில் கிட்டத்தட்ட அசையாமல் இருப்பதால் அந்த நகர்வு முழுவதும் நம்முடையது. அதிலிருந்து வந்த சுழற்சி வேகம் 220ஐ விட 20 கிலோமீட்டர் அளவுக்கு அதிகம். சூரியனின் ஓட்டத்தைத் திருத்தியதும் 1.6 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள ஒரு மண்டலத்தின் வேகமும் மாறிவிட்டது.

கையா இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனது. சூரியன் வட்டப் பாதையில் போவதால் அதன் திசை மெல்ல வளைகிறது. அந்த வளைவினால் 16 லட்சம் குவாசார்களும் ஆண்டுக்கு 5 மைக்ரோவிகலை அளவில் ஒரு திசை நோக்கி ஒழுகுவதுபோல் தெரிந்தன. அந்த ஒழுகல் பால்வழியின் மையத்தைச் சுட்டியது. சூரியக் குடும்பம் தன் நேர்பாதையிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 115 கிலோமீட்டர் மையத்தின் பக்கம் வளைந்து விலகுகிறது என்று 2020இல் அளந்தாயிற்று. அசையாப் புள்ளிகள் என்று நம்பியவற்றிலேயே நம் அசைவு பதிவாகியிருந்தது.

மேகமும் வெறும் பயணி அல்ல. அதன் நிறை முன்பு கருதப்பட்டதைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு என்பது இப்போது பரவலாக ஏற்கப்படுகிறது. பால்வழியைச் சுற்றும் 'அனாதை ஓடை' என்ற விண்மீன் ஓடையின் விண்மீன்கள் தங்கள் ஓடையின் போக்கிலேயே நகராமல் பக்கவாட்டில் விலகுவதைக் கையா காட்டியது. அந்த விலகலை விளக்கக் கணித்ததில் மேகத்தின் நிறை சுமார் 13,800 கோடி சூரியன்கள் என்று 2019இல் வந்தது. இவ்வளவு கனமான ஒன்று அருகே வந்தால் பால்வழியும் அதன் பக்கம் இழுபடும். மைக்கேல் பீட்டர்சன், ஹோர்ஹே பெனாரூபியா என்ற எடின்பரோ ஆய்வாளர்கள் 2021இல் அந்த இழுப்பை அளந்தார்கள். பால்வழியின் வெளிவட்ட விண்மீன்களைச் சார்ந்து அதன் தட்டு விநாடிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. அதுவும் மேகம் இப்போது இருக்கும் இடத்தை நோக்கி அல்ல, அது முன்பு இருந்த இடத்தை நோக்கி.

இதன் பொருள் பெரியது. ஆந்திரொமேடாவின் வேகத்தைப் பால்வழியைச் சார்ந்து சொல்லும்போது, பால்வழி என்பது எது? மேகத்தின் பக்கம் நழுவிக்கொண்டிருக்கும் தட்டா, இன்னும் பின்தங்கி நிற்கும் வெளிவட்டமா? கானும் வோல்ட்யரும் போட்ட கணக்கில்கூட இந்த நழுவலைச் சேர்த்தால் நிறை குறைகிறது. சவாலாவின் குழு 2025இல் செய்தது இந்தக் கேள்வியைத் தீவிரமாக எடுத்துக்கொண்டதுதான். பால்வழி, ஆந்திரொமேடா, எம்33, பெரிய மெகல்லன் மேகம் ஆகிய நான்கையும் சேர்த்து, ஹபிள், கையா அளவுகளின் பிழை வரம்புக்குள் தொடக்க மதிப்புகளை மாற்றி மாற்றி ஒரு லட்சம் முறை எதிர்காலத்தை ஓட்டிப் பார்த்தார்கள். எம்33ஐச் சேர்த்தால் மோதல் வாய்ப்பு கூடுகிறது. மேகத்தைச் சேர்த்தால் குறைகிறது. அதன் பாதை ஆந்திரொமேடா வரும் திசைக்கு ஏறத்தாழச் செங்குத்தாக இருப்பதால் அது பால்வழியைப் பக்கவாட்டில் இழுத்துவிடுகிறது. மேகமே அடுத்த 200 கோடி ஆண்டுகளுக்குள் பால்வழியோடு கலந்துவிடும் என்பது மட்டும் இந்தக் கணக்குகளில் பெரும்பாலும் உறுதி.

2012இன் ஆய்வாளர்கள் தவறு செய்தார்கள் என்று இதைப் படிப்பது அநீதி. அவர்களிடம் இருந்த தரவுக்கு அவர்கள் சொன்னது சரியான மதிப்பீடு. அந்த மதிப்பீடு செய்தியாகும்போது அதன் பிழை வரம்புகள் உதிர்ந்துபோயின, அதுதான் வருந்தத்தக்கது.

மெகல்லன் மேகங்களுக்குள்ளேயே இப்போது காணக் கிடைப்பவை முன்பு எவரும் எண்ணியிராதவை. பெரிய மேகத்தின் தட்டு வானில் சுழல்வதை 2014இல் வான் டெர் மாரெலும் கள்ளிவயலிலும் நகர்வுகளிலிருந்தே காட்டினார்கள். ஒரு சுற்றுக்கு 25 கோடி ஆண்டு. அதன் துணையான சிறிய மெகல்லன் மேகம் சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் பெரிய மேகத்தின் ஊடாகவே புகுந்து வந்திருக்கிறது என்பது இரண்டின் நகர்வுகளையும் பின்னோக்கிக் கணித்ததில் தெரிந்தது. அதன் தழும்புகளும் உண்டு. இந்திய வானியலாளர் ஸ்மிதா சுப்பிரமணியன் தலைமையிலான குழு 2017இல் சிறிய மேகத்தின் கிழக்குப் பகுதியில், மைய உடலுக்குப் பல பத்தாயிரம் ஒளியாண்டு முன்னே நிற்கும் ஒரு விண்மீன் கூட்டத்தை அடையாளம் கண்டது. அண்ணன் மேகம் பிய்த்தெடுத்த விண்மீன்கள் அவை. கரீனா 2, கரீனா 3, ஹைட்ரஸ் 1, ஹோரோலோஜியம் 1 போன்ற மிக மங்கிய குறுமண்டலங்கள் சிலவும் பால்வழியின் பழைய துணைகள் அல்ல, மேகத்தோடு சேர்ந்து வந்தவை என்பதைக் கையாவின் நகர்வுகள் காட்டிக்கொடுத்தன.

பெரிய மேகத்துக்கு இது முதல் வருகை என்ற முடிவும் இறுதியானதல்ல. யூஜின் வாசிலியெவ் 2024இல் வெளியிட்ட கணக்கில், மேகம் 500 முதல் 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை, மூன்று லட்சம் ஒளியாண்டுக்கும் அப்பால் பால்வழியைக் கடந்து போய், இப்போது இரண்டாம் முறையாக வருவதும் தரவுக்கு ஒத்துப்போகிறது. எது சரி என்பது பால்வழியின் வெளிவட்ட நிறையைப் பொறுத்தது. அந்த நிறையை அளக்க உதவுவனவும் தொலைவிலுள்ள குறுமண்டலங்களின் நகர்வுகள்தான்.

கையா 2025 ஜனவரி 15 அன்று அளப்பதை நிறுத்திக்கொண்டது. அதன் நான்காம் தரவு வெளியீடு 2026 டிசம்பருக்குத் திட்டமிடப்பட்டிருக்கிறது. மூன்றாவதில் 34 மாதத் தரவு. நான்காவதில் 66 மாதம். நகர்வை அளப்பதில் காலம் இரண்டு வகையில் உதவும்: நகர்ந்த தூரமும் கூடும், எடுத்த படங்களும் கூடும். அதனால் காலம் இரட்டிப்பானால் பிழை பாதியாவதோடு நிற்காமல் மூன்றில் ஒரு பங்கை நோக்கிச் சுருங்கும். ஆந்திரொமேடாவின் நீல விண்மீன்கள் காட்டிய 82க்கும் ஹபிள் காட்டிய 17க்கும் இடையே எது நிற்கும் என்பதை ஆய்வாளர்கள் முதலில் தேடப்போவது அந்த வெளியீட்டில்தான்.